ஸ்புரூஸ்: கீழிருந்து காயும் குளிர்நாட்டு மரம்

ஸ்காபரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் வீட்டு முன்முற்றத்தில் நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஓர் ஊசியிலை மரம் நிற்கிறது. 1998இல் அந்த வீட்டை வாங்கிய கையோடு பெரியப்பா நட்டது. அவர் இப்போது இல்லை. சென்ற வருடம் மே மாதம் பெரியம்மா அதன் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அடிக்கொப்புகள் கபில நிறமாகிக் காய்ந்திருந்தன. மேற்பாதியில்தான் உயிர் இருந்தது. கூடவே ஒரு குரல்பதிவு: "பிள்ளை, கிறிஸ்மஸ் மரம் கீழயிருந்து சாகுது. பக்கத்து வீட்டுக்காரன் வெட்டச் சொல்லுறான். கொப்பா வச்ச மரம் எண்டு உன்ர மச்சான் விடமாட்டன் எண்டுறான். நீ எழுதுறனிதானே, ஆரையும் கேட்டுச் சொல்லு."

வன்னியில் வளர்ந்த எனக்கு அந்த மரத்தின் பெயரே தெரியாது. தமிழில் தேடினேன், உருப்படியாக எதுவும் அகப்படவில்லை. ஆனால் நோர்வே, ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, கனடா என்று நம்மவர்கள் போய்ச் சேர்ந்த நாடுகளில் எல்லாம் இந்த மரம் வீட்டு வாசலிலோ, வீதியோரத்திலோ, ரயில் யன்னலுக்கு வெளியிலோ நிற்கிறது. அதை வைத்திருப்பவர்களுக்கும், படத்தில் பார்த்து "அது என்ன மரம்" என்று கேட்கும் இங்குள்ளவர்களுக்கும் உதவட்டும் என்று, வாசித்ததையும் அங்குள்ளவர்களைக் கேட்டறிந்ததையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எது ஸ்புரூஸ், எது இல்லை

கிறிஸ்மஸ் மரம் என்று நாம் சொல்வது ஒரு மரத்தின் பெயர் அல்ல. பைன், ஃபேர், ஸ்புரூஸ் என்று மூன்று வகை மரங்கள் அந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. வித்தியாசம் காண ஓர் ஊசியைப் பிடுங்கிப் பார்த்தால் போதும். பைன் மரத்தில் ஊசிகள் இரண்டு, மூன்று, அல்லது ஐந்தாகச் சேர்ந்து ஒரே இடத்திலிருந்து வரும். ஃபேர் மரத்தின் ஊசி தட்டையானது, மென்மையானது. பிடுங்கினால் கொப்பில் வழுவழுப்பான வட்டத் தழும்பு மட்டும் எஞ்சும். ஸ்புரூஸின் ஊசி தனித்தனியாக வரும், நான்கு பக்கம் கொண்டது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டினால் உருளும், குத்தும். ஒவ்வொரு ஊசியும் ஒரு சின்ன மரமுளையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஊசி உதிர்ந்த பிறகும் அந்த முளை அப்படியே இருக்கும். அதனால் காய்ந்த ஸ்புரூஸ் கொப்பைத் தடவினால் அரம்போலச் சொரசொரக்கும். காய்களிலும் வேறுபாடு உண்டு. ஸ்புரூஸ் காய் கீழ்நோக்கித் தொங்கி முழுதாக விழும். ஃபேர் காய் மெழுகுதிரிபோல மேல்நோக்கி நின்று மரத்திலேயே உதிர்ந்து போகும்.

நமது மலையகத்தில் தேயிலைக்கு மேலே வரிசை வரிசையாக நிற்பது ஸ்புரூஸ் அல்ல, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த கரிபியன் பைன். நத்தாருக்கு நாம் முறித்து வந்து சோடிக்கும் சவுக்கு, ஊசியிலை மரமே அல்ல. அது பூக்கும் மரம். ஊசி என்று நாம் நினைப்பது அதன் கணுக்கணுவான மெல்லிய தண்டு.

ஸ்புரூஸில் ஏறத்தாழ 35 இனங்கள் உண்டு. ஐரோப்பாவில் இருப்பவர்கள் காண்பது பெரும்பாலும் நோர்வே ஸ்புரூஸ். அதன் தாவரவியல் பெயர் பிசியா ஏபீஸ். ஸ்கன்டினேவியாவிலிருந்து ரஷ்யாவின் யூரல் மலை வரைக்கும், தெற்கே அல்ப்ஸ், கார்பேதியன் மலைகளிலும் இயற்கையாக வளர்வது. 50 மீற்றர் வரை உயரும். நோர்வேயர்கள் அதைக் 'கிரான்' என்கிறார்கள். மட்டக்களப்புக் கிரானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் ஒஸ்லோவில் இருக்கும் கிரான் ஊர்க்காரர் ஒருவருக்கு அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வருமாம். கனடாவின் காடுகளை நிரப்பி நிற்பவை வெள்ளை ஸ்புரூஸும் கறுப்பு ஸ்புரூஸும். ரொறன்ரோ, மொன்றியல் வீட்டு முற்றங்களில் அழகுக்காக நடப்படும் நீல ஸ்புரூஸ் கனடாவுக்கு உரியதல்ல, அமெரிக்காவின் ரொக்கி மலைத்தொடரிலிருந்து வந்தது. அதன் நீலம் ஊசியின் மேல் படிந்துள்ள மெழுகின் நிறம். பெரியம்மாவின் மரம் இதுதான்.

வயதைப் பற்றி ஒரு சிறு செய்தி. சுவீடனின் டாலர்னா மாகாணத்தில் மலையொன்றில் தனித்து நிற்கும் ஒரு நோர்வே ஸ்புரூஸ் சுமார் 9,550 ஆண்டுகள் பழையது என்று 2008இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பார்த்தால் ஐந்து மீற்றர் உயரமுள்ள மெலிந்த மரம். நிற்கும் தண்டுக்குச் சில நூறு வயதுதான் இருக்கும். பழையது வேர்த்தொகுதி. தண்டு பட்டுப்போகும்போதெல்லாம், மண்ணில் படிந்த கொப்பு வேர்விட்டு அதே மரம் மறுபடி எழுந்திருக்கிறது.

குளிர் ஏன் வேண்டும்

"ஒரு கன்று கொண்டுவந்து நுவரெலியாவில் வைத்தால் என்ன?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இணையத்தில் நீல ஸ்புரூஸ் விதைப் பைக்கற்றுகளும் விற்கிறார்கள். வாங்க வேண்டாம். நுவரெலியாவில் உறைபனி விழும் விடியற்காலைகள் உண்டு, மாதக்கணக்கில் நீளும் குளிர்காலம் இல்லை. இந்த மரத்துக்கு அந்த நீளம்தான் முக்கியம். தவிர, வெளிநாட்டிலிருந்து கன்றோ விதையோ கொண்டுவருவதற்கு விவசாயத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

ஸ்புரூஸ் வெப்பத்தை மட்டும் பார்த்து வாழ்வதில்லை, இரவின் நீளத்தையும் அளக்கிறது. கோடை முடிவில் இரவு ஓர் அளவுக்கு மேல் நீண்டதும் வளர்ச்சியை நிறுத்தி மொட்டுக் கட்டிக்கொள்கிறது. பிறகு மெல்ல மெல்லக் குளிருக்குத் தன்னைத் தயார்செய்கிறது. அப்படித் தயாரான மரம் மறை 40 பாகையையும் தாங்கும். தயாராகாத அதே மரத்தின் இளந்தளிரை வசந்தத்தின் ஓர் இரவு உறைபனி கருக்கிவிடும். போதிய காலம் குளிரில் உறங்கினால்தான் அடுத்த வசந்தத்தில் மொட்டுகள் ஒழுங்காக விழிக்கும்.

ஊருக்கு ஊர் இந்தக் கணக்கு மாறும். வடக்கில் பிறந்த விதையின் கன்றைத் தெற்கே நட்டால் கோடை நடுவிலேயே வளர்ச்சியை நிறுத்திக் குட்டையாக நிற்கும். தெற்கு விதையை வடக்கே நட்டால் இன்னும் காலம் இருக்கிறது என்று வளர்ந்துகொண்டே போய் முதல் உறைபனியில் கருகும். இதனால்தான் நோர்வேயில் கன்று வாங்குபவர் இனத்தை மட்டும் கேட்பதில்லை, விதை எந்தப் பகுதியினது, கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரத்தில் எடுத்தது என்றும் கேட்கிறார்.

இதில் நோர்வே வன ஆய்வாளர்கள் கண்ட ஒரு விடயம் என்னைக் கொஞ்ச நேரம் கதிரையில் அப்படியே இருக்க வைத்தது. வடக்கின் குளிரான இடங்களைச் சேர்ந்த மரங்களை ஒட்டுக்கட்டித் தெற்கே சற்று வெப்பமான தோட்டங்களில் விதைக்காக வளர்த்தார்கள். பெற்றோர் இருவரும் வடக்கத்தியர். ஆனால் அங்கே விளைந்த விதையின் கன்றுகள் தெற்கத்திக் கன்றுகள்போலப் பிந்தியே மொட்டுக் கட்டின. சோதித்தபோது, தாய்மரத்தில் விதைக்குள் கரு உருவாகும் அந்தச் சில வாரங்களின் வெப்பத்தைக் கன்று பதிந்து வைத்துக்கொண்டு, பல ஆண்டுகளுக்கு அதன்படியே நடக்கிறது என்று தெரியவந்தது. பரம்பரை அலகு மாறவில்லை, அதன் இயக்கந்தான் மாறுகிறது.

நடுவதும் முதல் மூன்று வருடமும்

நடுவதற்கு நல்ல காலம் வசந்தத்தில் மொட்டு விரியுமுன், அல்லது ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்ரெம்பர் நடுப்பகுதிவரை. யூலை வெயிலில் நட வேண்டாம்.

இடம் தெரிவதுதான் முழுக் கதையும். கடையில் இடுப்பளவு நிற்கும் கன்றைப் பார்த்து யன்னலுக்குக் கீழே நடுகிறோம். நோர்வே ஸ்புரூஸ் அகலத்தில் மட்டும் எட்டுப் பத்து மீற்றர் எடுக்கும். வீட்டுச் சுவர், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது ஏழெட்டு மீற்றர் தள்ளுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் குட்டை ரகங்கள் உண்டு, அவற்றைக் கேளுங்கள். நல்ல வெயில், காற்றோட்டம், நீர் தேங்காத, சற்று அமிலத்தன்மையுள்ள மண் இதற்குப் பிடிக்கும். பனிக்காலத்தில் வீதிக்குக் கொட்டும் உப்புப் படும் ஓரம் பிடிக்காது.

குழி அகலமாக இருக்கட்டும், வேர்ப்பந்தைப்போல இரண்டு மூன்று மடங்கு. ஆனால் ஆழம் வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேல் வேண்டாம். தென்னம்பிள்ளைக்கு ஆழக்குழி வெட்டிப் பழகிய நம்மவர்கள் பிழைவிடுவது இங்கேதான். தண்டு வேராக விரியும் இடம் நிலமட்டத்தில் தெரிய வேண்டும். புதைத்தால் மரம் உடனே சாகாது, பத்து வருடம் கழித்துச் சாகும். சாக்குத்துணியும் கம்பியும் சுற்றியிருந்தால் குழிக்குள் இறக்கியபின் மேற்பகுதியையாவது வெட்டி எடுங்கள். சட்டியில் வளர்ந்து வட்டமாகச் சுற்றிய வேர்களைப் பிரித்துவிடுங்கள். குழிக்குள் பசளை போட வேண்டாம், எடுத்த மண்ணையே திருப்பி நிரப்புங்கள்.

ஸ்புரூஸின் வேர் ஆழம் போவதில்லை. தட்டுப்போல மேல்மண்ணில் பரவுகிறது. புயலில் வேரோடு பிரண்ட ஸ்புரூஸைப் பார்த்தால் அடியில் ஒரு பெரிய ரொட்டியைத் தூக்கி நிறுத்தியதுபோல இருக்கும். ஆகவே வரட்சி வந்தால் முதலில் தவிப்பதும் இதுதான். முதல் இரண்டு மூன்று கோடைகளில் வாரம் ஒருமுறை, மெதுவாக, ஆழமாக நனையும்படி தண்ணீர் விடுங்கள். தினமும் கொஞ்சம் தெளிப்பதால் பயன் குறைவு. நிலம் உறைவதற்கு முன் ஒக்ரோபரில் ஒருமுறை நன்றாக நனையுங்கள். மாரியில் நிலம் உறைந்து கிடக்க, வெயிலும் காற்றும் ஊசியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வேரால் ஈடுசெய்ய முடியாமல் ஊசி கபிலமாகும். பலர் அதைக் குளிர் எரித்தது என்பார்கள், உண்மையில் அது தாகம்.

மரச்சீவலை ஐந்திலிருந்து பத்து சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பி மூடலாம், தண்டைத் தொடாமல். கத்தரிக்கும் ஆசை வந்தால் நினைவில் வையுங்கள்: வெறும் பழைய மரத்திலிருந்து ஸ்புரூஸ் மறுபடி துளிர்ப்பதில்லை. பூவரசுபோல எங்கே வெட்டினாலும் தழைக்கும் என்று எண்ணி அரைக்கு வெட்டினால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். அடர்த்தி வேண்டுமானால் கோடைத் தொடக்கத்தில் புதுத்தளிரின் பாதியை மட்டும் கிள்ளலாம். உச்சிக்குருத்தைத் தொடவே வேண்டாம்.

நத்தாருக்குச் சட்டியோடு வாங்கி, பிறகு முற்றத்தில் நடலாம் என்று நினைப்பவர்களுக்கு: வீட்டுக்குள் பத்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள். சூட்டில் அது வசந்தம் வந்துவிட்டதென்று விழிக்கத் தொடங்கும். பிறகு திடீரென வெளியே வைத்தால் சாவுதான். உள்ளே எடுக்கும்போதும் வெளியே வைக்கும்போதும் கராஜிலோ குளிரான படிக்கட்டிலோ சில நாள் நிறுத்திப் பழக்குங்கள். வெட்டிய மரமென்றால் அடியில் இரண்டு சென்ரிமீற்றர் புதிதாக அரிந்துவிட்டு உடனே தண்ணீரில் நிறுத்துங்கள், ஹீற்றருக்குப் பக்கத்தில் வேண்டாம். ஸ்புரூஸ் வீட்டுக்குள் ஊசியை வேகமாகக் கொட்டும். ஐரோப்பாவில் பலர் நோர்ட்மன் ஃபேருக்கு மாறியதற்கு அதுவே பெரிய காரணம்.

கீழிருந்து காய்வது

உட்புற ஊசிகள் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி உதிர்வது நோய் அல்ல. ஊசி ஒவ்வொன்றும் சில வருடம் இருந்துவிட்டு விழும். நிழல் விழுந்த அடிக்கொப்புகள் காய்வதும் காட்டில் இயல்பு. ஆனால் வெயில் படும் முற்றத்தில் அடியிலிருந்து மேல்நோக்கிக் காய்ந்துகொண்டே வந்தால் இரண்டு பங்கசு நோய்களில் ஒன்றைச் சந்தேகிக்கலாம்.

ஒன்று ரைசோஸ்பியறா என்னும் ஊசியுதிர் நோய். வசந்தத்தின் ஈரத்தில் புதிய ஊசிகளில் தொற்றும். அடையாளம் அடுத்த வருடந்தான் தெரியும். அதாவது நுனியில் இந்த வருட ஊசி பச்சையாக இருக்க, அதற்கு உள்ளே சென்ற வருட ஊசி ஊதாக் கபிலமாக மாறி உதிரும். பூதக்கண்ணாடியால் பார்த்தால் ஊசியில் வரிசையாக நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் தெரியும். மற்றது சைற்றோஸ்போறா. இது ஊசியைவிட்டுக் கொப்பைப் பிடிக்கிறது. முழுக் கொப்பு ஒன்று சாகும், அதில் வெண்மையாகப் பிசின் வடிந்து காய்ந்திருக்கும். முதலாவதற்கு மருந்து உண்டு, தளிர் பாதி நீளும்போதும் சில வாரம் கழித்தும் என்று தொடர்ந்து இரண்டு வசந்தங்களாவது தெளிக்க வேண்டும். ஆனால் ஒன்ராறியோவில் 2009 முதல் வீட்டுத்தோட்டங்களில் அழகுக்காக நாசினி தெளிப்பதற்குக் கடும் கட்டுப்பாடு இருப்பதால் உரிமம் பெற்ற ஒருவரைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். இரண்டாவதற்கு மருந்து இல்லை. காய்ந்த கொப்பை ஈரமில்லாத நாளில் வெட்டியெடுத்து, மரத்துக்குத் தண்ணீர்க் குறை வராமல் பார்ப்பது மட்டுமே வழி. இரண்டிலும் ஒருமுறை வெறுமையான கொப்பு மீண்டும் பச்சை பிடிக்காது.

நீல ஸ்புரூஸ் உலர்ந்த மலைக்காற்றில் வாழ வந்த மரம். ஒன்ராறியோவின் ஈரக்கோடை அதற்கு உகந்ததல்ல. புதிதாக நடப் போகிறவர்கள் வெள்ளை ஸ்புரூஸையோ நோர்வே ஸ்புரூஸையோ நடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

போருக்குப் பிறகு நட்ட காடு

முற்றத்து மரத்தை விட்டுக் காட்டைப் பார்த்தால், கடந்த சில ஆண்டுகளில் ஸ்புரூஸ் ஏராளமாகச் செத்த நாடுகளில் ஒன்று ஜேர்மனி. அந்தச் சாவின் தொடக்கங்களில் ஒன்று 1945இல் இருக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜேர்மனியில் ஸ்புரூஸ் இயற்கையாக உயர்ந்த மலைகளில் மட்டும் வளர்ந்த மரம். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில்தான் அதைத் தாழ்நிலத்துக்கும் இறக்கி வரிசையாக நட்டார்கள். நேராக, வேகமாக வளரும். கட்டடத்துக்கும் கடதாசிக்கும் நல்ல விலை. வன உத்தியோகத்தர்கள் அதை 'ரொட்டி மரம்' என்றார்கள், சோறு போடும் மரம் என்ற பொருளில். (இசைக்காரர்களுக்கும் அது சோறு போடுகிறது. மிருதங்கத்துக்குப் பலா எப்படியோ, வயலினின் முகப்புப் பலகைக்கு ஸ்புரூஸ் அப்படி. குளிர்மலையில் மெல்ல வளர்ந்து வளையங்கள் நெருங்கிய மரமே அதற்கு உகந்தது. நல்லூரில் கச்சேரி கேட்கும்போது அந்த மரத்தின் குரலும் அதில் இருக்கிறது.)

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அந்தக் காடுகள் மூன்று பக்கத்தால் அழிந்தன. வென்ற நாடுகள் நட்டஈடாகப் பெருந்தொகை மரங்களை வெட்டிச் சென்றன. பிரித்தானியர் வசமிருந்த ஹார்ஸ் மலையிலும், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கறுப்புக்காட்டிலும் மலைச்சரிவுகள் மொட்டையாகின. 1946-47 மாரி மிகக் கடுமையானது, நிலக்கரி இல்லாத மக்கள் விறகுக்கு வெட்டினார்கள். எஞ்சியதில் வண்டு விழுந்தது.

அந்த வெளிகளில் மறுபடி மரம் நட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்களில் பலர் செத்திருந்தார்கள் அல்லது சிறைமுகாம்களில் இருந்தார்கள். போர் விதவைகளும், கிழக்கிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிப் பெண்களும் குறைந்த கூலிக்குச் சரிவுகளில் முதுகு வளைத்துக் கன்று நட்டார்கள். 1949 முதல் வார்க்கப்பட்ட 50 ஃபெனிக் நாணயத்தில் மண்டியிட்டுக் கன்று நடும் ஒரு பெண்ணின் உருவம் இருக்கிறது. 80களிலும் 90களிலும் ஜேர்மனிக்குப் போன நம்மவர்கள், 2002இல் யூரோ வரும்வரை அந்தப் பெண்ணைச் சட்டைப்பையில் கொண்டு திரிந்தார்கள். யாரென்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

நாணயத்தில் அவள் கையில் இருப்பது ஓக் கன்று. சரிவுகளில் உண்மையில் நடப்பட்டவை அதிகமும் ஸ்புரூஸும் பைனும். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிழலே இல்லாத வெட்டவெளியில் பிழைக்கக்கூடிய கன்று அது. மான் அதிகம் கடிக்காது. நாடு மரத்துக்குத் தவித்தது. எல்லாம் ஒரே வயது, ஒரே இனம், பல இடங்களில் அந்த இனத்துக்கு உரிய உயரத்துக்குக் கீழே. அதன் முழுக் கேடும் பிறகுதான் தெரிந்தது.

2018இல் வரட்சி வந்தது, 2019இலும் 2020இலும் தொடர்ந்தது. ஆழமில்லாத வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போக முடியவில்லை. தாகத்தில் இருக்கும் ஸ்புரூஸுக்குப் பிசின் ஊறாது. பிசின்தான் அதன் முக்கிய ஆயுதம். எட்டுப்பல் மரப்பட்டை வண்டு என்று ஒன்று உண்டு, நீளம் ஐந்து மில்லிமீற்றர் அளவில். வசந்தத்தில் வெப்பம் 16 பாகையைத் தாண்டியதும் பறக்கத் தொடங்கும். முதலில் ஓர் ஆண்வண்டு பட்டையைத் துளைத்து உள்ளே போகும். மரத்தில் சக்தி இருந்தால் பிசின் பொங்கி வந்து அதை மூழ்கடிக்கும். இல்லையென்றால் வண்டு உள்ளிருந்து ஒரு வாசனையை விடும், மற்றவை ஆயிரக்கணக்கில் வந்து சேரும். பட்டைக்கு அடியில், உணவு ஓடும் படையில், தாய்வண்டு மேலும் கீழுமாகச் சுரங்கம் வெட்டி முட்டையிட, புழுக்கள் பக்கவாட்டில் வெட்டிக்கொண்டு போகும். பட்டையை உரித்தால் அச்செழுத்துபோல் இருக்கும் இந்தக் கோலத்தைப் பார்த்துத்தான் அதன் இலத்தீன் பெயரிலேயே 'அச்சுக்காரன்' என்ற சொல் சேர்ந்தது. குளிரான வடக்கில் வருடத்துக்கு ஒரு தலைமுறை. சூடான கோடையில் மத்திய ஐரோப்பாவில் இரண்டு, சில இடங்களில் மூன்று.

2018க்கும் 2021க்கும் இடையில் ஜேர்மனி ஏறத்தாழ 5 இலட்சம் ஹெக்டேயர் காட்டை இழந்தது. இழந்ததில் பெரும்பங்கு ஸ்புரூஸ். ஹார்ஸ் மலையின் உச்சியிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத் தண்டுகள் கண்ணுக்கு எட்டியவரை நிற்கின்றன. பங்கருக்குத் தறிக்கப்பட்டும் எறிகணையில் தலை அறுந்தும் போன பனைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படங்கள் அந்நியமாக இருக்காது. இன்று அங்கே பீச், மேப்பிள், ஓக் என்று கலந்து நடுகிறார்கள். ஹார்ஸ் தேசிய வனத்தின் உட்பகுதிகளில் செத்த மரங்களை அகற்றாமலே விட்டிருக்கிறார்கள், அவற்றுக்கு நடுவில் பேர்ச்சும் ரோவனும், இளம் ஸ்புரூஸும்கூடத் தாமாக எழுகின்றன.

நோர்வே இந்த வண்டை 1970களிலேயே கண்டது. புயலில் விழுந்த மரங்களை அகற்றத் தாமதித்ததும் வரட்சியும் சேர்ந்து அதைப் பெருக்கின. பிறகு வண்டின் அதே வாசனையைச் செயற்கையாகச் செய்து, இலட்சக்கணக்கான பொறிகளைக் காட்டில் வைத்தார்கள். வீட்டு முற்றத்தில் பெரிய ஸ்புரூஸ் வைத்திருப்பவர்கள் கோடையில் அடித்தண்டைச் சுற்றிக் கோப்பித்தூள்போல் கபிலத் தூள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சில வாரங்களுக்குள், புதிய வண்டுகள் வெளியேறுமுன், மரத்தை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். ஊசி சிவந்த பிறகு வெட்டுவதில் அயல் மரங்களுக்குப் பெரிய பயன் இல்லை.

நோர்வேயிலும் போருக்குப் பிறகான நடுகை ஒன்று உண்டு. மேற்குக் கரையிலும் வடக்கிலும், ஸ்புரூஸ் இயற்கையாக இல்லாத இடங்களில், 1950களிலும் 60களிலும் அரசாங்கம் பெருமளவில் நடுவித்தது. பாடசாலைப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகப் போய் நட்டார்கள். இன்று அந்த வரிசைகளை அந்நிய மரம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள், குறிப்பாக வட அமெரிக்காவின் சிற்கா ஸ்புரூஸை. நட்ட பிள்ளைகள் இப்போது பாட்டன் பாட்டிகள். எல்லா ஸ்புரூஸுக்கும் அப்படிக் கசப்பான கதை இல்லை. போர்க்காலத்தில் நோர்வே அரசருக்கும் அரசாங்கத்துக்கும் இலண்டன் அடைக்கலம் கொடுத்ததற்கு நன்றியாக, 1947 முதல் ஒவ்வொரு நத்தாருக்கும் ஒஸ்லோ நகரம் தன் காட்டிலிருந்து ஒரு ஸ்புரூஸை ட்ரஃபல்கர் சதுக்கத்துக்கு அனுப்புகிறது. இருபது மீற்றருக்கு மேல் உயரம், ஐம்பது அறுபது வயது. 2021இல் வந்த மரம் மெலிந்து கிடக்கிறது என்று இலண்டன்காரர் கேலி செய்தார்கள். காட்டில் நெருக்கத்தில் வளர்ந்த மரம் அப்படித்தான் இருக்கும்.

பெரியம்மாவின் மரத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவில் மார்பளவு உயரத்தில், அதாவது 1.4 மீற்றரில், 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள மரத்தைத் தன் காணியில் நின்றாலும் மாநகர அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரிந்திருக்கவில்லை. மச்சான் ஒரு மர வைத்தியரைக் கூட்டி வந்தார். அவர் ஊசியைக் கண்ணாடியால் பார்த்து ரைசோஸ்பியறா என்றார். பிறகு தண்ணீர் எப்படி விடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா போனபிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஹோஸைப் பிடித்து மரத்தைத் தலைமுழுக நனைத்துவருவது பெரியம்மாவின் வழக்கம். ஊரில் வேலியோரச் செடிகளுக்குச் செய்ததுபோல. இரவு முழுக்க அடிக்கொப்புகள் ஈரமாகவே இருந்திருக்கின்றன. இனிமேல் வேரடியில் மட்டும், வாரம் ஒருமுறை, காலையில் என்று சொல்லிவிட்டு, யூலையில் ஒரு காய்ந்த நாளில் ஆளுயரத்துக்கு அடிக்கொப்புகளை அரிந்து எடுத்தார்கள். இரண்டு வசந்தங்கள் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். ஒன்று முடிந்திருக்கிறது, காய்வு மேலே ஏறவில்லை.

போன கிழமை மறுபடி படம் வந்தது. "குடை மாதிரி நிக்குது, வடிவில்லை. ஆனா இப்ப கீழ கதிரை போட்டு இருக்கலாம் பிள்ளை."